ஏடும் எழுத்தாணியும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது சுருளிப்பட்டி. அருகே மலை, அதன் சாரலெங்கும் மரமும் கொடியும். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப்படும். அத்தகைய சாரலிலே தலைவியும் தோழியும் கொய்து குவித்த மலர்களைக் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறுகின்றார். அவை 99 என்பர். அம்மலர்களுள் சிலவற்றின் பெயர்கள் அறவே மறைந்துபோக இருந்தன. அவை மறைய இருந்த காரணத்தையும் மீண்ட வகையையும் அறிய வேண்டின், ஏடு எழுதிய முறையை முதலில் அறிதல் வேண்டும்.

பனையோலையைப் பதமாக எடுத்து, மஞ்சள் நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்ப்பர். பின்பு ஓரளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோப்பர். எழுதுவோர் ஓலையை இடக்கையிலே பிடித்து, அக்கையின் பெருவிரலை அணையாகக் கொண்டு, எழுத்தாணியால் கீறுவர். கீறிய எழுத்து எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. மஞ்சளையும் கரியையும் இலைச்சாற்றோடு கலந்து பூசித் துடைத்தபின்னரே எழுத்துகள் கருமையாகத் தோன்றும். இதனை மையாடுதல் என்பர்.

மேலைநாட்டாரும் கையால் நூல் எழுதி வந்தனர். அயர்லாந்தின் டப்ளின் நகரிலே கெல்சு நூல் என்னும் நற்செய்திச் சுவடி ஒன்று உள்ளது. ஏறத்தாழக் கி.பி. 800-இல் துறவிகள் அதனைக் கன்றின் தோலில் எழுதினர். இன்று 340 இதழ்கள் எஞ்சியுள்ளன. முதலெழுத்து ஒன்றே பக்கத்தின் பெரும்பகுதியை வண்ணக் கோலமாக நிரப்பி நிற்பதும் அதனுள் உண்டு. நம் ஏட்டின் அகலமோ இரண்டு மூன்று விரற்கடை. வண்ணத்திற்கு அங்கே இடம் ஏது? கோடு கிழிக்காமலே வரி கோணாமல் எழுதிய கைத்திறமே அதன் அழகு.

ஆயினும் ஏட்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும், ஆதலால் புள்ளியிடுவதில்லை. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவினவாக இருந்தன. ‘கொல’ என எழுதியிருப்பின், அது கொல், கோல், கொல, கோல என்னும் நான்கனுள் எது? இடம் நோக்கிப் படிப்போரே தெளிதல் வேண்டும். பொருள் அறியாதார் படியெடுத்தால் பிழை மேலும் பெருகும். ஓலைக்கும் ஆயுள் சில நூற்றாண்டுகளே. செல்லுக்கு இரையானவை பல. பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடப்பட்டவையும் பல.

உ.வே. சாமிநாதையர் (1855–1942) பத்துப்பாட்டை ஆராய்ந்தபொழுது, அவருக்குக் கிடைத்த ஏடுகளில் குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பகுதியிலே சில அடிகள் இல்லை. ஐயர் சோர்ந்தாரல்லர், ஊர் ஊராகத் தேடினார். இறுதியில் தருமபுர ஆதீனத்திலே, ஒழுங்கின்றிக் கிடந்த ஒற்றை ஏடுகளின் இடையே அவ்வடிகள் அகப்பட்டன. 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. மலர்கள் மீண்டும் கபிலர் பாட்டில் இடம்பெற்றன.

எல்லா ஏட்டிற்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 என்னும் எண்களுக்குரிய பாடல்கள் இல்லை. இன்று வரும் பதிப்புகளிலும் அவ்விரண்டு எண்களுக்கு எதிரே இடம் வெறிதாகவே உள்ளது.