நாளைக்கு அலை எப்படி?

சீசன் தொடங்கினால் இரவு எட்டு மணிக்குப் பிறகு எங்கள் போனுக்கு வருவது ஒரே கேள்விதான். நாளைக்கு அலை எப்படி? பிரேசில்காரரும் அதைத்தான் கேட்பார், அவுஸ்திரேலியாக்காரரும் அதைத்தான் கேட்பார். அஞ்சு வரியில் பதில் போடுவோம். அந்த அஞ்சு வரி ஆறு வரியான கதையைத்தான் எழுதப் போகிறோம்.

நாங்கள் மூன்று பேர். திருக்கோவில் பக்கம் ஊர். ஏ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க ஏலாமல், எங்களில் ஒருவனுடைய அண்ணன் லீசிங்கில் எடுத்த ஓட்டோவோடு அறுகம்பைக்குப் போனோம். உள்ளூர்ச் சனம் அந்த இடத்தை உல்லை என்றுதான் சொல்லும். ஒரு சீசன் ஓடிவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். இப்போது நாலாவது சீசன்.

ஓட்டோவின் மேல் பலகை கட்டக் கம்பி அடித்த நாளோடு எங்கள் தொழில் மாறியது. சேர்ஃபிங் பழக வருகிறவர்களுக்குப் பேபி பொயின்ட் இருக்கு, பழக்கிவிட ஆட்களும் இருக்கு. நன்றாகத் தெரிந்தவர்களுக்கு வேண்டியது வேறு. நாளைக்கு எந்த முனையில் அலை சரியாக உடையும், எத்தனை மணிக்குப் போனால் சனம் குறைவு, காற்று எப்போது திரும்பும். இதைச் சொல்லி, வெளிச்சம் வரும் நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் இறக்கி, கரையில் நின்று பார்த்து, திருப்பிக் கூட்டிவருவதுதான் எங்கள் வேலை. வடக்கே விஸ்கி பொயின்ட், பொத்துவில் பொயின்ட். தெற்கே பீநட் ஃபார்ம், பாணமை, கடைசியாக ஒகண்டா.

ஒகண்டா என்று அவர்கள் சொல்வது எங்கட உகந்தைதான். கதிர்காமத்துக்கு நடந்து போகிற சனம் குமண காட்டுக்குள் இறங்க முதல் கும்பிட்டுவிட்டுப் போகிற முருகன் கோயில் அங்கேதான் இருக்கு. எங்கட அம்மம்மாவும் அப்படி நடந்தவ. அந்தக் கோயிலடிக் கடலில் பலகையோடு இறங்குவார்கள் என்று அவ நினைத்தே இருக்கமாட்டா.

முதல் சீசனில் செயலியைத் திறந்தால் அலையின் உயரத்தை மட்டும்தான் பார்ப்போம். உண்மையான விசயம் அதற்குப் பக்கத்தில் இருந்தது: ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை செக்கன் என்பது. ஒரு மீற்றர் அலை 7 செக்கனுக்கு ஒருக்கா வந்தால் அது பக்கத்துக் காற்று கிளப்பிவிட்ட குழப்பம். அதே ஒரு மீற்றர் 14 செக்கனுக்கு ஒருக்கா வந்தால், அது இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், 40 பாகைக்கும் தெற்கே, ஏதோ ஒரு புயலில் பிறந்து வந்தது. அப்படியான அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளைக்குச் சுமார் 900 கிலோமீற்றர் ஓடும். எங்கள் கரைக்கு வர அஞ்சாறு நாள் எடுக்கும். செக்கன் கூடக் கூட அலை கடலுக்குள் ஆழமாக வேர் விட்டிருக்கும். கரைக்கு வந்து கல்லிலும் மணலிலும் தட்டும்போது செயலி சொன்னதைவிட உயரமாக எழும்பும்.

பிறகு காற்று. மே தொடங்கி செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் மேற்கில் இருந்து வருகிற காய்ந்த காற்றுக்குப் பெயர் கச்சான். ஊரில் எல்லோரும் திட்டுகிற காற்று. தோட்டம் வாடும், உதடு வெடிக்கும். ஆனால் சேர்ஃப் பண்ணுகிறவர்களுக்கு அது வரம். கரையில் இருந்து கடலுக்கு வீசி, அலையின் முகத்தைச் சீப்பு வைத்து இழுத்ததுபோல் துப்பரவாக்கிவிடும். பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று ஏறினால் எல்லாம் கலங்கிவிடும். அதனால்தான் விடியற்காலை. பீநட் ஃபார்ம் என்றாலும் எங்களுக்குக் கச்சான் தோட்டம்தானே என்று ஒருநாள் விளங்கப்படுத்தப் போய், காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயரா என்று வந்தவர்கள் சிரித்து முடிக்க அரை மணித்தியாலம் போனது.

இவ்வளவும் தெரிந்த எங்களுக்கு நீந்தத் தெரியாது. இதை வெட்கப்பட்டுத்தான் எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் மூவரும் கைக்குழந்தைகள். இலங்கையில் கூடுதலான உயிர்களைச் சுனாமிக்குக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. ஆனால் முழங்காலுக்கு மேல் நனைந்து போனால் அம்மா அடிப்பா. கடலைப் பார்த்துப் பழகினோம், தொட்டுப் பழகவில்லை. சுனாமிக்கு இந்த இடைவெளி செக்கனில் இல்லை, பத்து நிமிடத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் வரை என்று வாசித்த அன்று கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. "அண்டைக்கு அலை வரல்ல, கடலே நடந்து வந்தது" என்று அம்மாக்கள் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் பிடிபட்டது.

இரண்டாவது சீசனில் ஒரு வாடிக்கையாளர். எங்கள் வயதைவிடக் கூடுதலான வருசம் கடலில் அனுபவம் உள்ளவர். அடுத்த நாள் பின்னேரம் அவருக்கு விமானம். கடைசிக் காலை உகந்தையில்தான் என்று சொல்லிவிட்டார். செயலியில் 1.8 மீற்றர், 16 செக்கன், தெற்குத் திசை. படம் பார்த்தால் ஆசை வரும்.

அன்று பின்னேரம் தோணி வைத்திருக்கிற காக்கா ஒருவர், வலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு உகந்தைப் பக்கமா போறீங்க தம்பி?"

"ஓம் காக்கா."

"தண்ணி வடக்க பொல்லாத இழுவ. நாங்க வல போடல்ல."

அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு விளங்கியது. ஆனால் அந்த மாத லீசிங் காசில் பாதி இன்னும் சேரவில்லை. அதோடு, இருபத்தஞ்சு வருசம் அலையில் நின்ற ஆளுக்கு நீந்தத் தெரியாத நாங்கள் என்ன சொல்வது? வழக்கம்போல அஞ்சு வரி எழுதி அனுப்பினோம். உயரம், செக்கன், திசை, காற்று, புறப்படும் நேரம். இழுவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நாலரைக்குப் புறப்பட்டோம். பாணமைக்கு அங்கால் யானை நிற்கும் என்பதால் மெதுவாகத்தான் போகலாம். கோயிலடியில் இறக்கிவிட்டபோது கிழக்கு வெளுத்திருந்தது. முதல் இரண்டு அலை அவர் எடுத்த விதத்தைப் பார்த்து நாங்கள் விசில் அடித்தோம். மூன்றாவதில் விழுந்தார். பலகை தனியாக எழும்பி வந்தது. காலில் கட்டுகிற கயிறு அறுந்துவிட்டது.

அவர் கரைக்கு நேரே நீந்தினார், தண்ணீர் அவரை வடக்கே கொண்டு போனது. நாங்கள் மணலில் அவருக்குச் சமாந்தரமாக ஓடினோம். எங்களால் செய்ய முடிந்தது அது மட்டும்தான். சில நேரம் தலை தெரியும், சில நேரம் தெரியாது. ஒருத்தன் அழத் தொடங்கிவிட்டான். மற்றவன் முருகா முருகா என்று கத்திக்கொண்டே ஓடினான். கடைசியில் நல்ல தூரம் தள்ளி, கல்லில் கால் கிழிந்து, நடக்க ஏலாமல் அவர் கரையேறினார்.

சேர்ட்டைக் கிழித்துக் காலைக் கட்டினோம். மூச்சு வந்தபிறகு அவர் கேட்டார்: "இழுவை இருக்கும் என்று உங்களுக்கு முதலே தெரியுமா?"

தெரியும் என்றோம்.

"அப்ப ஏன் சொல்லவில்லை?"

அவர் கோபப்படவில்லை. பேசிய காசை முழுதாகத் தந்துவிட்டுத்தான் போனார். அந்தக் காசில் லீசிங் கட்டினோம். இப்போதும் அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

வாடைக்காலம் முடிந்து கடல் அடங்கியதும் காக்காவின் மகன் எங்களுக்குக் குடாவுக்குள் நீச்சல் பழக்கினான். எங்களைவிட நாலு வயது இளையவன், வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டா. தடுக்கவில்லை. குடையை விரித்து மணலில் இருந்து, நாங்கள் ஒவ்வொருவராகக் கரையேறும்வரை எண்ணிக்கொண்டிருந்தா. இருபது வருசத்துக்குப் பிறகு கடலுக்கு இவ்வளவு கிட்ட வந்திருக்கிறன் என்று பிறகுதான் சொன்னா.

அந்தச் சீசனில் இருந்து எங்கள் அறிக்கையில் ஆறாவது வரி ஒன்று இருக்கு. நாங்கள் கூட்டிப் போவோமா, மாட்டோமா என்பதுதான் அது. எழுத முதல் காக்காவைக் கேட்போம். பின்னேரம் ஒருக்கா கரைக்குப் போய், ஒரு குச்சியை எறிந்து எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்ப்போம். வாடைக் கடல் மணலை அள்ளி இடம் மாற்றியிருக்கும். போன வருசம் பாதுகாப்பாக இருந்த இடம் இந்த வருசம் அப்படி இருக்க வேண்டுமென்றில்லை. வருகிறவரின் அனுபவம் பெரியதுதான். ஆனால் அது அவர் பழகிய கடல்களின் அனுபவம். நேற்றுப் பின்னேரம் இந்தக் கரையில் நின்றது நாங்கள்தான்.

சரியாகச் சொல்கிறோம் என்று பெருமை அடிக்கவும் முடியாது. போன ஓகஸ்டில் இரண்டு பேருக்கு "நாளைக்கு வேண்டாம்" என்று எழுதினோம். அவர்கள் வேறு ஓட்டோ பிடித்துப் போனார்கள். கடல் கண்ணாடி மாதிரி இருந்ததாம். பயணத்திலேயே நல்ல நாள் என்று படமும் அனுப்பினார்கள். வயிறு எரிந்தது. அன்றைய உழைப்பும் போய், அடுத்த நாள் உழைப்பும் போனது.

படத்தைக் காக்காவிடம் காட்டினோம். தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் கிடந்திரிக்கி. நம்மட கணக்குப் பிழைச்சிட்டு." பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். நாங்கள் குச்சி எறியக் கரைக்கு இறங்கினோம்.