அந்த ஓர் ஆயிரம்

அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறபோது, கணக்கு எழுதுகிறவள் பாடு லேசானதல்ல. மூத்த மருமகள் என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நோட்டில் எழுதாமல் கம்ப்யூட்டரில், எக்செல் கட்டங்களில் எழுதி வருகிறேன்.

நீளநீளமான எண்களைப் பார்த்தால் மாமியாருக்குக் கண்ணைக் கட்டும். "ஆயிரக் கணக்கில சொல்லும்மா, போதும்" என்றார். அதற்குச் சுலபமான வழி இருக்கிறது. எண்கள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் பட்டனையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'கஸ்டம்' என்ற இடத்தில் ஒரு பூஜ்யமும் அதை ஒட்டி ஒரு கமாவும் போட வேண்டும். அவ்வளவுதான், 2,48,400 என்பது 248 என்று நிற்கும். தலைப்பில் 'ரூபாய் ஆயிரத்தில்' என்று மறக்காமல் எழுதிவிடுங்கள். (இரண்டு கமா போட்டால் பத்து லட்சத்தில் காட்டும். நம் லட்சத்துக்குத்தான் கமா கிடையாது. ஒரு கமாவுக்கு மூன்று இலக்கம் என்பது அவர்கள் கணக்கு!)

தாளில் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். மறுநாளே சின்ன ஓரகத்தி வந்து நின்றாள்.

"அக்கா, சிமெண்ட் 248, கம்பி 186, மரவேலை 135. கூட்டினா 569தானே வருது? நீங்க 570 போட்டிருக்கீங்களே, அந்த ஓர் ஆயிரம் எதுக்கு?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கூட்டுச் சொத்தில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால், அது ஆயிரம் ரூபாயோடு நிற்குமா?

பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டினேன். தொட்டால் மேலே உள்ள பட்டையில் முழு எண் தெரியும். 2,48,400, 1,86,400, 1,35,400. மூன்றிலும் ஒரு 400 கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. மூன்றும் சேர்ந்து 1,200. ஆக மொத்தம் 5,70,200. கமா சில்லறையை மறைக்கிறதே தவிர அழிப்பதில்லை; கூட்டல் அதையும் சேர்த்துத்தான் நடக்கிறது. அவளே பேப்பரில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகுதான் காபியைத் தொட்டாள். அவள் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தால்தான் பயம்.

'ரவுண்ட்' ஃபார்முலா போட்டு, ரவுண்ட் செய்த எண்களையே கூட்டினால் கண்ணுக்கு ஒத்துவரும் என்பார்கள். வரும். ஆனால் அந்த விடையில் சில்லறை நிஜமாகவே இருக்காது. பங்கு பிரிக்கிற கணக்கில் எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்று. சித்தாள் பெண்ணுக்கு அரை நாள் கூலி 400 கொடுத்திருந்தோம். ஆயிரத்தில் காட்டியபோது அந்த வரியில் 0 நின்றது! வெயிலில் மணல் சுமந்தவளின் கூலி பூஜ்யமா? மொத்தத்தில் அந்தப் பணம் இருக்கத்தான் இருக்கிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கூலிப் பகுதியில் மட்டும் கமாவை எடுத்துவிட்டு முழு ரூபாயாகவே வைத்திருக்கிறேன்.

இப்போது மாமியாருக்கு ஆயிரத்தில் ஒரு தாள், ஓரகத்திகளுக்கு முழு ரூபாயில் ஒரு தாள். பெயின்ட் வேலை இன்னும் பாக்கி. போன வாரம் ஊருக்குப் போகும்போது கணக்கை மகளிடம் விட்டுப் போனேன். "248ன்னு தெரியுதேன்னு நீயும் 52ன்னு அடிச்சிடாதேடி, அது 52 ரூபாய்தான், 0ன்னு நிக்கும். 52,000த்தை முழுசா அடி" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.