அப்பாவின் கடைசி வரியில் நான்கு கேள்விக்குறிகள்!

கோவையில் ஒரு வீட்டு மாடி அறை. மேஜை மேல் பெட்டி மாதிரி ஒரு பழைய மானிட்டர். அதன் பக்கத்தில் விண்டோஸ் 98 ஓடும் கம்ப்யூட்டர், பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிய ஃபிளாப்பிகள். கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவருக்கு, காயலான் கடைக்குப் போகும் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி உயிர் கொடுப்பதுதான் பொழுதுபோக்கு. வாங்கியதும் முதல் வேலையாக மதர்போர்டில் இருக்கும் பேட்டரியைப் பார்ப்பார். அது கசிந்திருந்தால் சுற்றியிருக்கும் செம்புத் தடங்களையே அரித்துவிடும்.

"இதையெல்லாம் வெச்சு என்ன பண்றீங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்கு ஒருநாள் பதில் கிடைத்தது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், கையில் ஒரு ஃபிளாப்பியோடு வந்தார். பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. மேலே 'அப்பா மெயில்' என்று அம்மாவின் கையெழுத்து. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, 2001, 2002-ல் அனுப்பிய மின்னஞ்சல்கள். அப்போது தெருமுனை பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு, ஃபிளாப்பியில் சேமித்து வைத்தவை. அப்பா இப்போது இல்லை.

"இது படிக்குமா சார்?"

"பார்க்கலாம் அம்மணி. பூஞ்சை புடிக்காம இருந்தா சரி."

மூன்றாவது முயற்சியில் படித்தது. மொத்தம் 41 கடிதங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துவிட்டு, ஒன்றைத் திறந்தார். அதில் தமிழே இல்லை. கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், பின்னக் குறிகள், தலைகீழ் ஆச்சரியக்குறிகள். பெண்ணின் முகம் வாடிவிட்டது. பெரியவரோ சிரித்தார். "பயப்படாதீங்க, இது திஸ்கி!"

அது என்ன திஸ்கி?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்தான் குறியாக்கம். ஆங்கிலத்துக்கு ஆஸ்கி என்ற பட்டியலில் 128 இடங்களே போதுமாக இருந்தன. 256 இடங்கள் கொண்ட பட்டியலில், ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு மேல்பாதியில் தமிழை வைத்தது திஸ்கி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று வேறு இரண்டு பட்டியல்கள் வந்தன. இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி எழுத்துரு பரவியிருந்தது. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில், அதில் தட்டிய 'அம்மா', 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று தெரியும்.

அனுப்புபவரிடம் இருக்கும் எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தால்தான் கடிதம் தமிழாகத் தெரியும். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது யூனிகோடு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல். 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால், அது நம் ஊர் கம்ப்யூட்டர்களில் புழங்கப் பல வருடங்கள் ஆயின. தமிழ்நாடு அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-ல்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கடிதங்கள்தான் இன்றைய செல்போனில் கிறுக்கலாகத் தெரிகின்றன.

பெரியவர் பழைய கம்ப்யூட்டரில் திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நொடிதான். 'அன்புள்ள பாப்பாவுக்கு' என்று திரையில் தமிழ் வந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

எந்தக் குறியாக்கம் என்று தெரிந்துவிட்டதால், மற்றதை ஒரு மாற்றி மென்பொருள் பார்த்துக்கொண்டது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் கையால் எழுதும்போது 'கே' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு 'க' போடுகிறோம். திஸ்கியும் அப்படித்தான் சேமிக்கும். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. இந்த வரிசையையும் சேர்த்து மாற்றினால்தான் எழுத்து சரியாக வரும்.

ஒரே ஒரு கடிதம்

நாற்பது கடிதங்கள் மீண்டன. ஒன்று மட்டும் மீளவில்லை. அதில் கிறுக்கல்கூட இல்லை, வெறும் கேள்விக்குறிகள். அதை வேறொரு சென்டரில் சேமித்திருந்தார்கள். அங்கிருந்த மென்பொருள் தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்தையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் கேள்விக்குறியை வைத்துவிட்டது.

"கிறுக்கலா இருந்தா எழுத்து உள்ளே பத்திரமா இருக்குன்னு அர்த்தம் அம்மணி. கேள்விக்குறி ஆயிட்டா போனது போனதுதான்" என்றார் பெரியவர். பழைய கடிதம் கிறுக்கலாகத் தெரிந்தால் அதை மறுபடி சேமிக்கவோ, வேறு வடிவத்துக்கு மாற்றவோ கூடாது, முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அவர் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் அந்தக் கடிதத்தில் எண்கள் மிஞ்சியிருந்தன. எண்கள் ஆஸ்கியில் இருப்பதால் அவற்றை எந்த மென்பொருளும் தொடுவதில்லை. ஓரிடத்தில் 10. இன்னோரிடத்தில் 5.30. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டினார் மகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உன் பத்தாவது பொறந்தநாளுக்கு வர்றேன்னு எழுதியிருக்கார்டி. அன்னைக்கு அஞ்சரை மணி ரயில்லதான் வந்து இறங்கினார். இருட்டுல நீயும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோமே!"

கடிதத்தின் கடைசி வரியில் நான்கே நான்கு கேள்விக்குறிகள். மற்ற 40 கடிதங்களும் எப்படி முடிகின்றன என்று மகளுக்கு இப்போது தெரியும். திஸ்கியில் அ, ப், ப, கால் என்று நான்கு குறிகள்.

அந்த வரியை யாரும் மாற்றித்தர வேண்டியிருக்கவில்லை.