நெறிக்கட்டியும் நிணநீரும்

யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஒருநாள் மாலை நொண்டியவாறே வீடு திரும்பினான். தொடையின் மேல்முனையில், கவட்டருகே, அவரைக்கொட்டை அளவில் ஏதோ திரண்டு வலித்தது. அதனைக் காட்டி அவன் அழுதான். அவனுடைய அம்மம்மாவோ அவ்விடத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கு மோனை. காலிலை எங்கையோ புண் கிடக்கு. காலைத் தூக்கு பாப்பம்" என்றார். பெருவிரலின் அடியிலே, மூன்று நாட்களுக்கு முன் தைத்த விளாத்தி முள்ளின் முனை சீழ்கட்டிக் கிடந்தது. முள் எடுக்கப்பட்டது, புண் வெந்நீராற் கழுவப்பட்டது. சில நாட்களிற் கவட்டுக் கட்டியும் தானே வற்றிவிட்டது.

வலித்தது ஓரிடம், அம்மம்மா தேடியது வேறோரிடம். காலுக்கும் கவட்டுக்கும் இடையே ஏதோ ஒரு வழி உண்டு என்பதும், காலின் கேடு அவ்வழியே மேலேறி வந்து கவட்டிலே தடுக்கப்படுகின்றது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. எந்தப் பாடநூலும் அவருக்கு அதனைக் கற்பிக்கவில்லை. அவ்வழியின் பெயர் நிணநீர்த்தொகுதி என்பதைப் பேரன் அறிந்துகொள்வதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தென்னிலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவ பீடத்தில் அவன் சேர்ந்தான். உடலமைப்பியல் நூல்களிலே நாடிகள் சிவப்பாகவும், நாளங்கள் நீலமாகவும், நரம்புகள் மஞ்சளாகவும் தீட்டப்பட்டிருந்தன. நிணநீர்க் கலன்களோ மெல்லிய பச்சைக் கோடுகளாய் ஓரங்களில் நின்றன. உடற்கூற்றுக் கூடத்தில் அந்தப் பச்சைக் கோடும் இருக்கவில்லை. உடலின் மிகப் பெரிய நிணநீர்க் கலனாகிய நெஞ்சறைக்கானை அவன் ஒரு காலைப்பொழுது முழுவதும் தேடினான். 38 முதல் 45 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ளது. வயிற்றறையின் பின்சுவரிலே தொடங்கிப் பெருநாடியின் அருகே முள்ளந்தண்டை ஒட்டி மேலேறுவது. இடது கழுத்தின் அடியிலே நாளங்கள் சந்திக்கும் முனையிற் குருதியோடு கலப்பது. இவையெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆயினும், கொழுப்பு இழை என எண்ணி அவன் அகற்றிய வெளிறிய நூலொன்றைச் சுட்டி விரிவுரையாளர், "தம்பி, நீர் தேடியதைத்தான் இப்போது அறுத்துவிட்டீர்" என்றார். கூடத்திலே சிரிப்பு எழுந்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. உலகம் இதனைத் தவறவிட்டது போலவே அவனும் தவறவிட்டான் என்று மட்டும் கூறினார்.

இத்தகைய மெல்லிய கலன்களால் உடலுக்கு ஆவது யாது? இதயம் உந்தும் குருதி மயிர்த்துளைக் குழாய்களை அடைந்ததும், அதன் நீரில் ஒரு பகுதி குழாய்ச் சுவரினூடாக வெளியே கசிகின்றது. அந்நீரே கலங்களுக்கு உணவையும் ஒட்சிசனையும் எடுத்துச் செல்வது. அதனோடு சிறிதளவு புரதமும் கசிகின்றது. கசிந்த நீரிற் பெரும்பகுதி மயிர்த்துளைக் குழாயின் நாளப்பக்க முனையில் மீண்டும் உள்ளிழுக்கப்படும் என இருபதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள் கூறிவந்தன. ஏர்னெஸ்ட் ஸ்ராளிங் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் 1896 இல் வெளியிட்ட கருத்தின் வழிவந்த விளக்கம் அது. பிற்கால ஆய்வுகளோ, பெரும்பாலான இழையங்களில் அவ்வாறான மீளுறிஞ்சல் நிலையாக நிகழ்வதில்லை எனக் காட்டியுள்ளன. எனவே நிணநீர்க் கலன்கள் தாங்கும் சுமை முன்னர் எண்ணியதிலும் பெரிது என்பது தெளிவாயிற்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லீற்றர் நிணநீர் இக்கலன்களின் வழியே குருதியைச் சென்றடைகின்றது. மனித உடலின் குருதியே 5 லீற்றர் அளவினது என்பதை நினைந்தால் இதன் பெருமை விளங்கும். கசிந்த புரதம் திரும்புவதற்கு இதனைவிட வேறு வழி இல்லை. இவ்வழி முற்றாக அடைபடுமாயின் மனிதன் ஒருசில நாட்களேனும் உயிர்வாழ்தல் அரிது.

குருதிக் கலன்கள் ஒரு வட்டமாய் அமைந்தவை. நிணநீர்க் கலன்களோ இழையங்களின் நடுவே மூடிய முனைகளாய்த் தொடங்கி ஒரே திசையிற் செல்பவை. அவற்றின் தொடக்கச் சுவரிலுள்ள கலங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப்போல் ஒன்றன் விளிம்பின்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. சூழவுள்ள இழையத்திலே நீர் மிகும்போது நுண்ணிழைகள் அவ்விளிம்புகளை இழுத்துத் திறக்கின்றன. நீர் உள்ளே புகுந்ததும் அவை மூடிக்கொள்கின்றன. நிணநீரை உந்துவதற்கென மனிதனுக்குத் தனி இதயம் இல்லை. தவளைக்கு நிணநீர் இதயங்கள் உண்டு. மனிதனிலே பெரிய நிணநீர்க் கலன்களின் சுவர்த்தசை தானே சுருங்கி விரிகின்றது. நடக்கும்போது காற்றசைகளும், மூச்சுவிடும்போது மார்பறையும், அருகே துடிக்கும் நாடிகளும் அதற்குத் துணை நிற்கின்றன. பின்னோக்கி வழியாதவாறு வால்வுகள் காக்கின்றன. நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பவரின் பாதம் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழியிலே நிணநீர்க் கணுக்கள் உள்ளன. மனித உடலில் இவை 500 முதல் 800 வரை இருக்கலாம். கவடு, கமக்கட்டு, கழுத்து, குடலைத் தாங்கும் மென்சவ்வு ஆகிய இடங்களில் இவை திரண்டுள்ளன. இழையத்திலிருந்து வரும் நீர் கணுவினுள்ளே மெல்ல ஊறிச் செல்லும்போது அதிலுள்ள பற்றீரியாக்களைத் தின்கலங்கள் விழுங்குகின்றன. நிணநீர்க்குழியங்கள் அந்நியப் பொருளை இனங்கண்டு பெருகுகின்றன, பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. அப்பெருக்கமே வெளியே கட்டியாய்த் தோன்றுகின்றது. இக்குழியங்கள் ஓரிடத்திலே காவலிருப்பவை அல்ல என்பதையும், குருதியிலிருந்து கணுவுக்கும் கணுவிலிருந்து நிணநீர் வழியே மீண்டும் குருதிக்குமாக ஓயாது சுற்றிவருபவை என்பதையும் ஒக்ஸ்போட்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளின் நெஞ்சறைக்கானை ஆராய்ந்து 1950களின் இறுதியில் நிறுவினார். ஆகவே நெறிக்கட்டி என்பது தனியொரு நோயன்று. எங்கோ நடக்கும் போரின் செய்தி. அச்செய்தியைப் படிக்க அம்மம்மா அறிந்திருந்தார். செய்தியோடு போரிடாமல், போர்க்களத்தைத் தேடிச் சென்றார்.

இத்தொகுதி அறிஞர் கண்ணிற் பட்ட வரலாறும் சுவையானது. 1622 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் நாள், இத்தாலியைச் சேர்ந்த காஸ்பாரே அசெல்லி உயிருள்ள நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது குடலின்மேல் வெண்ணிற நூல்கள் பரந்திருக்கக் கண்டார். நரம்புகள் என்றே முதலில் எண்ணினார். ஒன்றைக் குத்தியதும் பால்போன்ற நீர் பீறிட்டது. பின்னர் வேறொரு நாயில் அவற்றைத் தேடியபோது காணவில்லை. முதல் நாய் வயிறார உண்டிருந்தது என்பது அப்போதே அவருக்கு நினைவுக்கு வந்தது. உணவின் கொழுப்பைக் குடலிலிருந்து ஏந்திச் செல்வன அக்கலன்கள். பசித்த உடலில் அவை நிறமற்றுக் கண்ணுக்கு மறைந்துவிடும். அவை ஈரலுக்குச் செல்வதாக அசெல்லி கருதினார். பிரான்சியரான பெக்கே 1651 இல் அவை நெஞ்சறைக்கான் வழியே குருதியைச் சேர்வதைக் காட்டினார். சுவீடனில் ருட்பெக்கும் தென்மார்க்கிற் பார்த்தொலினும் உடலின் ஏனைய பாகங்களில் நிணநீர்க் கலன்களைக் கண்டு, யார் முந்தியவர் என்று பூசலிட்டனர். உணவைக் குருதியாக்கும் அரசன் என்று அதுவரை போற்றப்பட்ட ஈரலுக்குப் பார்த்தொலின் ஒரு கல்லறை வாசகமே எழுதிவைத்தார்.

பெயர் பற்றியும் ஒன்று கூறலாம். மேனாட்டார் இந்நீருக்குத் தெளிந்த நீர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை இட்டனர். நிணம் என்ற பழந்தமிழ்ச் சொல்லோ கொழுப்பைக் குறிப்பது. இரண்டும் பொருந்துவனவே. காலிலிருந்து வரும் நிணநீர் தெளிந்த நீர். உணவின்பின் குடலிலிருந்து வருவது கொழுப்பேறிய பால்.

கண்டபின்பும் காணாதிருக்கும் இயல்பு மனிதர்க்கு உண்டு. இத்தாலியரான மஸ்கானி, பாதரசத்தை உட்செலுத்தி நிணநீர்க் கலன்களை வரைந்து 1787 இல் வெளியிட்ட பெருநூலிலே, மூளையை மூடும் உறைகளிலும் அவை உண்டு எனக் குறித்தார். அது ஏற்கப்படவில்லை. மூளைப்பகுதியில் நிணநீர்க் கலன் இல்லை என்றே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. 2015 இல் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இரு ஆய்வுக் குழுக்கள் சுண்டெலியின் மூளையுறையில் அவற்றைத் தெளிவாகக் கண்டபோது, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மறுப்பு ஒழிந்தது.

காணாமையால் அறிவுக்கு நேரும் இழப்பு ஒருபுறமிருக்க, மனிதருக்கு நேரும் இழப்பை அம்மாணவன் இறுதியாண்டிலே அறிந்தான். தென்னிலங்கைக் கரையோரத்து மருத்துவமனை ஒன்றில் அவன் பயிற்சி பெற்ற காலம் அது. அப்பகுதி யானைக்கால் நோயை நெடுங்காலம் அறிந்தது. நூல்போன்ற பைலேரியாப் புழு மனிதனின் நிணநீர்க் கலன்களுள்ளே பல ஆண்டுகள் வாழ்வது. அதன் குஞ்சுகள் நுளம்பின் உடலிலே வளர்வதைப் பற்றிக் மான்சன் சீனாவின் அமோய் நகரில் 1877 இற் கண்டார். தேங்காய் மட்டை ஊறும் குழிகளிலும் அழுக்குநீர் வடிகால்களிலும் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பே இலங்கையில் அதனைப் பரப்பியது. 1947 இல் யானைக்கால் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில் ஆண்டுதோறும் மக்களுக்கு மருந்து வழங்கப்பட்டது. 2016 இல் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் ஒழிக்கப்பட்டதென உலகச் சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. நாடு பெருமைகொள்ளத்தக்க சாதனை இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், புழு இறந்தபின்னும் அது விரித்துச் சிதைத்த கலன்கள் பழைய நிலைக்கு மீள்வதில்லை. வால்வுகள் பயனற்றுப் போக, நீரும் புரதமும் காலிலே தேங்குகின்றன, தோல் தடிக்கின்றது, சிறு வெடிப்பின் வழியே புகும் பற்றீரியா மீண்டும் மீண்டும் காய்ச்சலை உண்டாக்குகின்றது. அன்று மருத்துவமனைக்கு வந்த மூதாட்டி ஒருவர் தம் இடது காலை நீண்ட சேலையால் மறைத்து, வாங்கிலின் ஓரத்திலே சுவரோடு ஒட்டி அமர்ந்திருந்தார். தாம் திருமண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின என்றும், முற்பிறப்பிற் செய்த பாவம் இது என்றும் சிங்களத்திலே தணிந்த குரலிற் கூறினார். மாணவனுக்கு அம்மொழி அரைகுறையாகவே வரும். எனினும் அவர் கூறியது விளங்கிற்று. வைத்தியர் ஒரு பேசினில் நீரும் சவர்க்காரமும் கொணரச் செய்து, காலைக் கழுவும் முறையைச் செய்துகாட்டுமாறு அவனைப் பணித்தார்.

அவன் தரையில் அமர்ந்து அந்தக் காலை ஏந்தினான். மூதாட்டி கூசிக் காலை இழுத்துக்கொண்டார்; பின்னர் விட்டுக்கொடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாய் விரித்துக் கழுவி ஈரம் ஒற்றியபோது, நான்காம் விரலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் இடையே மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு அவன் கண்ணிற் பட்டது. காய்ச்சல் புகும் வாயில் அதுவே. நாள்தோறும் கழுவி உலர்த்துக, வெடிப்புக்கு மருந்திடுக, இருக்கும்போது காலை உயர்த்தி வைக்க, கணுக்காலை அசைத்துப் பழகுக. இவ்வளவே அவர்களால் அன்று சொல்ல முடிந்தது. இவ்வளவும் செய்தால் காய்ச்சல் அடிக்கடி வராது. வீக்கமும் மேலும் பெருகாது தணியக்கூடும். பாவத்தின் பயன் அன்று இது, நுளம்பு கொணர்ந்த புழுவின் வேலை என்பதையும் அவன் தனக்குத் தெரிந்த சிங்களத்திலே கூறினான். மூதாட்டி அதனை நம்பினாரோ அறியோம். ஆனால் அடுத்த மாதம் குறித்த நாளில் அவர் வந்தார். காலையும் அவரே நீட்டினார்.

நாடு ஒன்றிலிருந்து நோய் நீங்கலாம்; அந்நாட்டின் ஒரு மூதாட்டியின் காலிலிருந்து அது நீங்காதிருக்கலாம். முன்னதைச் சான்றிதழ் காட்டும். பின்னதைத் தேடிப் பார்ப்பவரே காண்பர். குருதி விட்டுச் சென்றதை ஓசையின்றித் திரட்டிக் கொணர்ந்து சேர்ப்பது நிணநீரின் தொழில். மருத்துவம் கற்போர்க்கும் அத்தொழிலில் ஒரு பங்குண்டு. வலிக்கும் இடத்தோடு நின்றுவிடாது, "காலைத் தூக்கு பாப்பம்" என்று கேட்ட அம்மம்மாவிடமிருந்து அவர்கள் அதனைத் தொடங்கலாம்.