எங்க வீட்டு மரம், அங்கே களை

திருச்சுழி பக்கம் வந்திருக்கீங்களா? அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால், வழி முழுக்க ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான் கூடவே வரும். கண்மாய்க்குள்ளும் அதுதான், தரிசிலும் அதுதான். எங்க அப்பா கரிமூட்டம் போடுறவர். விறகை வெட்டி அடுக்கி, மேலே செத்தை போட்டு, மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனியும். புகையின் நிறத்தைப் பார்த்தே கரி வெந்துவிட்டதா என்று அப்பா சொல்லிவிடுவார். அப்புறம் மூட்டையாகி லாரி ஏறும். என் ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ் எல்லாமே அந்த மரம் கட்டினதுதான். அதே மரத்துக்கு 'ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்று எழுதி நான் மார்க்கும் வாங்கியிருக்கேன்.

போன டிசம்பர் லீவில் எங்க செட்டில் சில பேர் கோடியக்கரைக்கு மூணு நாள் வாலண்டியராகப் போனோம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற முனை அது. 1967ல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காலையில் பறவை எண்ணும் வேலை. பூநாரையை எண்ணுவதுகூட ஈஸி. சேற்றில் ஓடிக்கொண்டே இருக்கிற உள்ளான்களை எண்ணிப் பாருங்க, கால்குலஸே பரவாயில்லை என்று தோணும்.

மதியம் கொடுத்த வேலையைப் பார்த்ததும்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புல்வெளியில் முளைத்திருக்கிற சீமைக்கருவேலக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். மழை பெய்த ஈரம் என்பதால் சின்னக் கன்றெல்லாம் சட்டென்று வந்தது. ஒரு முழத்தைத் தாண்டினதுக்குக் கடப்பாரை தேவைப்பட்டது.

ஏன் பிடுங்கணும்? வெளிமானுக்குப் பேரிலேயே 'வெளி' இருக்கு. தூரத்தில் வருகிற ஆபத்தைப் பார்க்கணும், பார்த்ததும் ஓடணும். அதுக்குத் திறந்த புல்வெளி வேணும். அங்கே ஆளில்லாமல் திரிகிற குதிரைகளும் இருக்கின்றன. மானோட புல்லையே மேயும், கூடவே சீமைக்கருவேல நெற்றையும் தின்னும். கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, அந்த எருவிலேயே முளைக்கும். இப்படியே புல்வெளி கொஞ்சம் கொஞ்சமாக முள்காடாகிறது. வெட்டினால் போதாது. அடிமரத்திலிருந்து ஒண்ணுக்கு நாலாகத் துளிர்க்கும். அதனால்தான் வேரோடு.

ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன்.

"என்னத்தா வேலை குடுத்தாக?"

"கருவேலங்கன்னைப் புடுங்குறோம்பா. வேரோட."

"வேரோட புடுங்குனா மறுபடி எப்படித் தழையும்?"

"தழையக் கூடாதுன்னுதான்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏத்தா, நம்ம ஊருக்கும் வந்து புடுங்குவீகளா?"

விளையாட்டாகக் கேட்கிற குரல் இல்லை அது. 2017ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னப்போ, எங்க பக்கமும் அதே பேச்சாகத்தான் இருந்தது. அப்போ நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். அப்பா சாயங்காலமெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிச்சது ஞாபகம் இருக்கு.

மெக்கானிக்கல் ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். கிரே காஸ்ட் அயர்னுக்குள் இருக்கிற கிராஃபைட் செதில்தான் அதிர்வைத் தாங்குது, அதனால் லேத் பெட்டுக்கு அது அருமை. அதே செதிலால்தான் இழுத்தால் அது உடையுது. குணம் ஒண்ணு, இடம்தான் வேற. வெட்ட வெட்டத் துளிர்க்கிற குணத்தால்தான் எங்க வீட்டில் ஒவ்வொரு தடவையும் அடுத்த மூட்டத்துக்கு விறகு இருந்தது. அதே குணத்தால்தான் கோடியக்கரையில் மானுக்கு நிற்க இடம் குறையுது.

அதுக்காக 'ரெண்டும் சரி' என்று நழுவ மாட்டேன். சரணாலயப் புல்வெளியில் அந்த மரத்துக்கு இடமே இல்லை. எங்க கண்மாய்க்குள்ளும் வேண்டாம். தண்ணி நிற்க வேண்டிய இடம் அது. ஆனால் தரிசில் நிற்கிற மரத்தை நம்பி அடுப்பு எரிகிற வீட்டில் போய், "இது அந்நியத் தாவரம்" என்று போஸ்டர் ஒட்டிட்டு வந்தால், அதுக்குப் பேர் வாலண்டியரிங் இல்லை. அதுக்குப் பதிலா என்ன மரம், அது வெட்டுப் பருவத்துக்கு வருகிற வரைக்கும் என்ன வருமானம் என்று கேட்டுட்டுத்தான் கடப்பாரையை எடுக்கணும்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கண்மாயில எடுங்க, நானே கூட வாரேன். அந்த வேர்க்கட்டையும் மூட்டத்துக்கு ஆகும்" என்றார். "தரிசுல நாட்டுக்கருவேலம் வைக்கலாம்தான். அது ஆளாகுற வரைக்கும் என்னத்த எரிக்கிறது, அதையும் உங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

அந்தக் கணக்கை இப்போ போட்டுக்கிட்டு இருக்கோம். எங்க கண்மாய்க்குள் எத்தனை மரம், எவ்வளவு விறகு, எத்தனை மூட்டத்துக்கு வரும் என்று நாலு பேர் சேர்ந்து சனி, ஞாயிறு அளக்கிறோம். பிளேஸ்மென்ட் டென்ஷன் இல்லாத ஜூனியர்கள் யாராவது இருந்தா வாங்க. முழுக்கால் பேன்ட்டும் கெட்டிச் செருப்பும் போட்டுட்டு வரணும். முள் சும்மா விடாது.