மூன்றாவது சோறு

அம்மா இலையில் மூன்று முறை சோறிடுவாள்: சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு. மோர்ச்சோறு உண்ணாமல் எழுந்தவன் அவள் கணக்கில் பட்டினி கிடந்தவன்தான். சர்க்கரை நோய் உறுதியான பிறகு ஊருக்குப் போனபோது நான் முதலில் மறுத்தது அந்த மூன்றாவது சோற்றைத்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டி பாத்திரத்துக்குள் திரும்ப விழுந்த ஓசை மட்டும் கேட்டது.

மறுநாள் காலை, சர்க்கரைக்கு நல்லது என்று கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் 238. அரிசியைத் துறந்தவனுக்கு இது பெரும் அநியாயமாகப் பட்டது. கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். மாவாக்கிக் குழையக் காய்ச்சும்போது அது இன்னும் விரைவாகச் செரித்து இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. (சிறுதானியப் பக்தர்கள் மன்னிக்க.)

பிறகு வரிசையை மாற்றினேன். கீரைக்கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சுண்டல் ஆகியவை முதலில். அவை தீர்ந்த பின்னரே சோறு, அதுவும் ஒரு சிறு கிண்ணம். நாரும் புரதமும் முன்னே சென்றிருந்தால் பின்னால் வரும் சோறு நிதானமாகவே சர்க்கரையாகிறது. சோறு விழுமுன் கூட்டைத் தொட்டதற்காகச் சிறுவயதில் இதே கூடத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன். உண்டபின் தெருக்கோடி வரை நடந்து வந்தேன். அன்று 162.

அம்மா அந்த எண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. மறுநாள் மதியம், கிண்ணத்துச் சோற்றை இலையில் மூன்று சிறு குவியல்களாகப் பிரித்து வைத்திருந்தாள். கடைசிக் குவியலில் மோரை அவளே ஊற்றினாள்.