மே மாதத்து இருபது நாள்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த வெயில்ல பேரப்பிள்ளைகளை எங்கெல்லாம் கூட்டிக்கிட்டு அலையிறீங்க?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்னும் இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பி, "எங்க அப்பா அம்மாகூடப் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பயமா இருக்கு, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றும் கேட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குப் பொறுமை பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. என் மகள் புனேயில் இருக்கிறாள். பேரனுக்கு 9 வயது, பேத்திக்கு 4. வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில் 20 நாள் திருநகரில் எங்களோடு இருப்பார்கள். பெரியவன் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் கோடையிலும் சிறப்பு வகுப்பு, பயிற்சி என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்படியானால் எங்கள் கையில் இருப்பது இன்னும் 4 மே மாதம். நாலு இருபது எண்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூனில் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரைக்கும் உள்ள வேலை நாள்கூட அதில் வராது. எனக்கு 66 ஆகிறது, உங்கள் சாருக்கு 70. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான், பிள்ளைகள் வந்தால் டிவி முன்னால் உட்கார வைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

தூர தேசம் எதுவும் போவதில்லை. எங்களுக்கு மதுரையே போதும். இரண்டாவது ஸ்டாப்பில் ஏறினால் பெரியார் நிலையம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சின்னவளுக்கு வயதுக் கணக்கில் டிக்கெட் இல்லை. தாத்தாவுக்கு முழு டிக்கெட், பேரனுக்கு அரை டிக்கெட். "நம்ம வீட்ல ஆம்பளைங்க மட்டும்தான் காசு குடுக்கணுமா தாத்தா?" என்று அவன் கேட்டதில் பஸ்ஸே சிரித்தது.

திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனோம். 1636-இல் கட்டியது என்று சொன்னதும் பெரியவன் மனக்கணக்குப் போட ஆரம்பித்தான். தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்த்து, கை எட்டாமல் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டான், அப்போதும் எட்டவில்லை. இன்றைக்கு நாம் பார்ப்பது அந்த அரண்மனையின் ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பல பகுதிகளைப் பிரித்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். இதைச் சொன்னதும், "தாத்தா கட்டினதைப் பேரன் பிரிச்சுட்டானா?" என்றான். "ஆமாடா, நீயாவது நம்ம வீட்டை விட்டு வை" என்றார் உங்கள் சார்.

அடுத்து தமுக்கம். காந்தி அருங்காட்சியகம் இருக்கிறதே, அது ராணி மங்கம்மாளின் அரண்மனை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மா யார் என்பதை என் பேத்திக்காகவே இன்னொரு முறை யோசித்தேன். மகன் அம்மை கண்டு இறந்துபோனான். பேரன் கைக்குழந்தை. 1689-லிருந்து அந்தப் பேரனுக்காக நாட்டை ஆண்ட பாட்டி அவர். சாலை போட்டார், மரம் நட்டார், வழிப்போக்கர் தங்கச் சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றைக்கும் அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. ஏதோ ஒரு பாட்டி பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் ரோடு போட்டாள் என்றுதான் சின்னவளுக்குச் சொன்னேன். "அந்தப் பாட்டி பேரனை பஸ்ல கூட்டிட்டுப் போனாங்களா அம்மாச்சி?" என்றாள். "பஸ் போற ரோட்டையே அவங்கதான்டா போட்டாங்க" என்றேன். எனக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது.

அருங்காட்சியகத்தை 1959-இல் நேரு திறந்து வைத்தார். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில், மேலமாசி வீதியில், சட்டையை விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறியதைப் பெரியவனுக்குச் சொன்னேன். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சின்னவளைக் காட்டாமல் தாண்டிப் போகப் பார்த்தேன். அவள் நின்றுவிட்டாள். "இந்தத் தாத்தாவுக்கு யாரு மருந்து போட்டா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய எனக்குப் பதில் வரவில்லை. "போட ஆள் வர்றதுக்குள்ள சாமிகிட்ட போயிட்டாங்கம்மா" என்றார் இவர்.

சமணர் மலைக்குக் காலை ஆறு மணிக்கே ஆட்டோ பிடித்தோம். கீழக்குயில்குடியில் மலை அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். என் முழங்கால் மலைக்கு ஒத்துழைக்காது. ஆனால் செட்டிப்புடவுக்கு அதிகம் ஏற வேண்டாம், மெதுவாகப் போய்விட்டேன். குகை முகப்பில் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். அவரைத்தான் ஊர் மக்கள் செட்டியார் என்று சொல்லப்போய் அந்தப் பெயர் வந்தது. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம். கீழே வட்டெழுத்து. பெரியவனுக்கு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். "இது எனக்குப் படிக்க வரல அம்மாச்சி" என்றான். "எனக்கும் வராதுடா, வா ரெண்டு பேரும் ஒரே வகுப்பு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவனே தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்தான். தமிழ் படி என்று நான் மூன்று வருஷமாகச் சொல்லி நடக்காததை அந்தப் பாறை நடத்திக் காட்டியது.

இனி, பயமா இருக்கு என்று கேட்டவர்களுக்கு.

கீழடிக்கு வாடகைக் கார் வைத்துப் போனோம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். தோண்டி எடுத்த ஆட்டக்காய், பகடை, வட்டச்சில்லு எல்லாம் பார்த்ததும் எனக்குச் சின்ன வயதே திரும்பி வந்துவிட்டது. நாங்கள் வாசலில் கோடு கிழித்துப் பாண்டி ஆடிய அதே மாதிரிச் சில்லு. கீழடியின் காலம் 2,600 வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். சின்னவளுக்கு அங்கேயே ஒற்றைக்காலில் தாண்டிக் காட்ட ஆசை, முழங்கால் விடவில்லை.

வெளியே வரும்போது மணி பதினொன்றரை இருக்கும். உங்கள் சாருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டிருந்தார், பிள்ளைகளோடு கிளம்பும் அவசரத்தில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டார். திடீரென்று சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறியது. நான் அவரைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் பெரியவன் என் பையின் முன்பக்க ஜிப்பைத் திறந்து சீனிப் பொட்டலத்தை எடுத்துவிட்டான். வந்த முதல் நாளே எந்த ஜிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். தண்ணீரில் கலந்து குடிக்க வைத்தோம். அங்கே வேலை பார்ப்பவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். கால் மணி நேரத்தில் தெளிந்து, "என்ன எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?" என்றார். சின்னவள் அதுவரை அவர் சுண்டுவிரலை விடவில்லை. "தாத்தாவுக்கு யாரு மருந்து போட்டா?" என்றாள். "நான்தான்" என்றான் அண்ணன்.

அன்று இரவே மகளிடம் சொன்னேன். மறைத்தால் பிள்ளைகள் வாயிலிருந்து வரும், அது இன்னும் மோசம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "உங்களை நம்பாம இல்லம்மா. ஆனா நீங்களும் சேர்ந்து விழுந்திருந்தா ஒன்பது வயசுப் பையன் என்ன செஞ்சிருப்பான்?"

நியாயமான கேள்வி. தாயாக அவள் கேட்கத்தான் வேண்டும். "நாங்க உங்களை வளர்க்கலையா" என்று தயவுசெய்து யாரும் பதில் சொல்லாதீர்கள். அப்போது எனக்கு 30 வயது, இப்போது 66. இவருக்குத்தான் வருத்தம். "என்னை நோயாளி ஆக்கிட்டீங்க" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேத்தி செருப்பை எடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். உட்கார்ந்து நாலு பேரும் சில விதிகள் எழுதினோம். மகள் போனில் சொல்லச் சொல்ல, பெரியவன் தமிழில் எழுதினான். பிழையோடுதான், நான் திருத்தவில்லை.

1. ஒரு நாளைக்கு ஒரே இடம். காலை பத்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மாலை நாலுக்கு மேல் கிளம்ப வேண்டும். பகலில் திறக்கும் இடம் என்றால் காரில் போக வேண்டும், சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது.

2. தாத்தா வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் செருப்பு மாட்ட வேண்டும். சோதிப்பது பேரன் பொறுப்பு.

3. சீனி அல்லது குளுக்கோஸ் எப்போதும் முன் ஜிப்பில். கடலைமிட்டாய் வாய்க்கு ருசி, ஆனால் சர்க்கரை இறங்கும்போது அது மெதுவாகத்தான் வேலை செய்யும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

4. பிள்ளைகள் இருவருக்கும் அம்மாவின் போன் எண் மனப்பாடம். சின்னவளுக்குப் பாட்டு மாதிரி மெட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு நாளில் வந்துவிட்டது. எங்கள் சட்டைப்பையிலும் பர்ஸிலும் பெயர், நோய், மாத்திரை விவரம் எழுதிய சீட்டு.

5. பத்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் பெரியவர் இன்னொருவர் கூட வர வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தம்பி மகன் ஒத்துக்கொண்டான். அவனுக்குச் சம்பளம் ஒரு ஜிகர்தண்டா.

இந்த விதிகளுக்குப் பிறகும் மூன்று இடம் போய்வந்தோம். மாரியம்மன் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் நின்று சாயங்காலக் காற்று வாங்கியதுதான் போன வாரம் நான் போட்ட படம். அதில் சாரின் கையைப் பேரன் பிடித்திருப்பதைப் பார்த்து, "பேரனை நல்லாப் பிடிச்சுக்கிட்டார் சார்" என்று எழுதியிருந்தீர்கள். உண்மையில் பிடித்திருப்பது பேரன்தான்.

பெற்றோர் இடத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயம் இருந்தால் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள், என்ன பயம் என்று உட்கார்ந்து பேசி எழுதுங்கள். தாத்தா பாட்டி ஆகிவிட்ட என் வயதுக்காரர்களுக்கு: நம் உடம்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்வது கௌரவக் குறைவு இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் புரியும்.

அவர்கள் புனேக்குப் போய் ஆறு நாள் ஆகிறது. இன்னும் 3 மே மாதம், 60 நாள் மிச்சம். அடுத்த வருஷம் அழகர்கோயில் மலைக்கும், முடிந்தால் ரயிலில் பாம்பன் பாலத்துக்கும் போக வேண்டும் என்று பெரியவன் பட்டியல் எழுதிக் காலண்டர் பின்னால் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். முழங்காலுக்கு நான் இன்றைக்கே பயிற்சி தொடங்கிவிட்டேன்.

மதுரையைச் சுற்றி வயதானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போக வசதியான இடம், நிழலும் கழிப்பறையும் உள்ள இடம் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருநகர்.